பூட்டிய வண்டிகள்

என் துணைவருக்கு,

உருகுவாய் ஆற்றுக்கு அக்கரையில் நமக்குக் குடிசை கட்டத் தொடங்கியிருப்பீர்கள். நிறுத்திவிடுங்கள்.

நம் ஊரைப் போர்த்துகீசியருக்குக் கொடுத்துவிட்டாராம் ஸ்பெயின் ராஜா. அவர் உத்தரவுப்படி ஊரைக் காலிசெய்ய நேற்று வண்டி பூட்டினோம். கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது, ஊர்த் தலைவரின் மனைவி மிகேலா இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறும்மா, ராஜா உத்தரவு," என்றார் பாதிரியார்.

"எம்புள்ள எந்திரிச்சு வந்தா ஏறுறேன், சாமி."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, அவரவர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். பிறகு தாமே முதல் மாட்டை அவிழ்த்தார்.

நானும் இறங்கினேன். ஆரஞ்சு மரத்தடியில் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.

பட்டாளம் வருமாம். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நம் மகளின் அம்மா