கட்டைவிரல் சாமி படம்

அடுகோடி, பெங்களூர்
நவம்பர் 10

அன்பு மகள் லீனாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கை கால் நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறோம். அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ரயானும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். போன் இருக்கும்போது இவர் எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் மழையா, சாப்பிட்டாயா என்பதற்கு மேல் நான் பேசியதில்லை, அது உனக்கும் தெரியும். இப்போது சொல்ல நிறைய இருக்கிறது, பத்து நாளாக நெஞ்சுக்குள் குதித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் பக்கத்து வீட்டுக் கோமளத்திடம் நல்ல பேனாவாக ஒன்று கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். எதிர் ஒர்க்‌ஷாப்காரர் காலை ஏழு மணிக்கே கிரைண்டரைப் போட்டுவிடுகிறார், அதைத் தவிர வேறு குறை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு ஜப்பான் பொம்மைப் படம் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, ஒரே நாளில் மூன்று தடவை. சிரிக்காதே, முழுக்கக் கேள். நம் கோயில் இளைஞர் குழுவுக்கு இப்போது எரிக் தலைவன், நீ மறைக்கல்வி வகுப்பு எடுத்தபோது முன் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவானே அவன்தான், இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கல்லறைத் திருநாள் வாரத்தில் அந்தப் படத்தைக் கோயில் ஹாலில் போட அனுமதி கேட்டான். பங்குப் பேரவையில் பெரிய பேச்சாகிவிட்டது. செயலாளர் இன்னாசி மாஸ்டர், ஸ்கூலில் கணக்கு எடுத்து ரிட்டயரானவர், போஸ்டரைப் பார்த்ததும், "செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற வாரத்துல அந்நிய சாமி படமா, இது எந்த ஊரு நியாயம்" என்று எழுந்து நின்றுவிட்டார். எரிக், "சும்னே, சும்மா ஒரு தடவ பாருங்க மாஸ்டர், அப்புறம் வேணாம்னு சொல்லுங்க" என்று கெஞ்சினான். கடைசியில் பங்குச் சாமியார் என் பக்கம் திரும்பி, "ஜெயராஜ், பீன்யா ஃபேக்டரியில முப்பத்திநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவர் நீங்க, பாத்துட்டுச் சரியா தப்பான்னு சொல்லிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கே வந்தேன், உன்னிடம் அதை மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் எரிக் வந்து டிவியில் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆபீஸ் கேபைப் பிடிக்க ஓடினான். நான் ஒரு வெள்ளைத் தாளில் 'ஆட்சேபங்கள்' என்று தலைப்பு எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கதை இதுதான். ஒரு மலையூர், அணை கட்டியதில் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்த ஊர்ச் சாமி மட்டும் அடியிலேயே தங்கி, கூப்பிட ஆள் இல்லாமல் சுருங்கிச் சுருங்கிக் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அணையின் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியருக்குப் பத்து வயதில் ஒரு மகள், தாய் இல்லாத பெண். அவள் கரையில் அந்தச் சாமியைப் பார்த்து டிபன் பாக்ஸில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். மலை உச்சியில் ஒரு கல்மேடை இருக்கிறது, அங்கே கொண்டு போய் வைத்தால் அது பிழைக்கும். பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. முதல் இருபது நிமிஷத்தில் நான் ஆறு ஆட்சேபம் எழுதிவிட்டேன், சாமிக்குச் சோறு வைக்கிறாள், மரத்திடம் வழி கேட்கிறாள், இப்படி. அப்புறம் அவள் மலை ஏற ஆரம்பிக்கிறாள். போகப் போக டிபன் பாக்ஸ் கனக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வேண்டுதல்கள் எல்லாம், ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் பயம், மகனிடமிருந்து தகவல் வராத ஒருவரின் காத்திருப்பு, எல்லாம் சின்னச் சின்ன வெளிச்சமாக மிதந்து வந்து அந்தப் பாக்ஸுக்குள் இறங்குகின்றன. பேச்சு இல்லை, இசைகூட இல்லை, அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த இடத்தில் என் பேனா நின்றுபோய்விட்டது லீனா. ஏழாவது ஆட்சேபம் எழுதவே இல்லை.

பாதி மலையில் அவளால் முடியவில்லை, பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். தேடிக்கொண்டு அவள் அப்பா வருகிறார். அந்த ஊர் மூழ்கியபோது மதகை மூடியவரே அவர்தான், அதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள், இதற்குள் ஒருவர் இருக்கிறார் என்கிறாள். அவர் மூடியைத் திறந்து பார்க்கிறார், காலி. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூடிவிட்டுத் தூக்குகிறார், கை அப்படியே கீழே இழுக்கிறது. அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை, பாரம் மட்டும் தெரிகிறது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் போகணும் என்று மகளிடம் கேட்கிறார், அவ்வளவுதான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். உன் அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு, போன் வந்துச்சா" என்று பதறினாள். பொம்மைப் படம் என்றேன். அவள் நம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து போட்டோம், சாம்பார் அடிப்பிடித்துவிட்டது, சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவையும் பார்த்தோம்.

வியாழக்கிழமை பேரவை கூடியது. நான் எழுந்து படத்தைப் போடலாம் என்றேன். இன்னாசி மாஸ்டர், "ஜெயராஜ், நீங்களா இதைச் சொல்றீங்க, அந்தக் குட்டிச் சாமி யாரு, அதைக் கும்பிடச் சொல்றாங்களா" என்று கேட்டார். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை, ஆனால் பேச்சு தானாக வந்தது. "மாஸ்டர், நம்ம ஆட்டோ ஸ்டாண்டுல டிரைவருங்க கிறிஸ்தோபர் சுரூபம் வெச்சிருக்காங்க. தோள்ல ஒரு சின்னக் குழந்தை, அவ்ளோ பெரிய ஆளுக்கு ஏன் முட்டி மடங்கியிருக்கு? ஆத்துல நடக்க நடக்க அந்தக் குழந்தை கனத்துச்சு, உலகத்துப் பாரம் பூரா அதுமேல இருந்துச்சுன்னு நீங்கதானே எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. இந்தப் பொண்ணும் அப்படித்தான் தூக்கிட்டுப் போவுது. ஜப்பான்காரங்க அவங்க பாஷையில சொல்றாங்க" என்றேன். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஊரு தண்ணிக்குள்ள போயிடுதுன்னா சொன்னீங்க" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய அப்பா பிறந்த ஊர் மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறதாம். தண்ணீர் குறைகிற வருஷத்தில் கோயில் கோபுரம் வெளியே தெரியும், சின்ன வயதில் ஒருமுறை அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, ஒன்றும் பேசாமல் திரும்பக் கூட்டி வந்துவிட்டாராம். "போடுங்க, நானும் வரேன்" என்றார்.

முந்தாநாள் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டோம். நாற்பது பேர் வந்தால் அதிகம் என்று எரிக் சொன்னான், நூற்றைம்பதுக்குக் குறையாது, நாற்காலி போதாமல் ஜமுக்காளம் விரித்தோம். அதிகம் சத்தம் போடும் பையன்கள்கூட அந்த மலை ஏறும் இடத்தில் அசையவில்லை. படத்தின் முடிவில் ஒரு கோடையில் அணை வற்றி அந்த ஊர் வெளியே வருகிறது. போனவர்கள் எல்லாம் வந்து சேற்றில் நின்று ஆளுக்கொருவர் தங்கள் தெருவின் பெயரைச் சொல்கிறார்கள், அதுதான் அவர்களுக்கு ஜெபம், ஒவ்வொரு பெயருக்கும் சாமியின் பாரம் குறைகிறது. விளக்கைப் போட்டதும் இன்னாசி மாஸ்டர் மைக்கைக் கேட்டு வாங்கினார். கண்டிக்கப்போகிறார் என்று எரிக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் தன் அப்பாவின் தெருவில் இருந்த ஐந்து குடும்பத்தின் பெயர்களைச் சொல்லிவிட்டு, இவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்றார். ஹால் முழுக்க எழுந்து நின்று சொன்னோம். எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆட்டோவில் வரும்போது எல்லோரும் என்னைப் பாராட்டியதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் சொன்னீங்க, லீனாகிட்ட சொன்னீங்களா" என்று கேட்டாள். அதனால்தான் கோமளத்திடம் பேனா கேட்கப் போனேன்.

லீனா, நீ பத்தாவது படிக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒன்பது நோட்டு வைத்திருந்தாய். ஒரு நாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "இதுக்குள்ள ஒரு ஊரே இருக்குப்பா" என்றாய். பேய்ப் பொம்மை எல்லாம் வரைந்தால் மார்க் வராது என்றேன். நீ பரீட்சைக்குப் போயிருந்தபோது ஒன்பதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். வந்து ஒரே ஒரு தடவை கேட்டாய், "படிக்கிற வேலையப் பாரு" என்றேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை, நர்சிங் படி என்றதும் படித்தாய், நல்ல பெயர் எடுத்தாய். அதற்குப் பிறகு நீ பென்சில் தொட்டு நான் பார்க்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டது என்று பெருமைகூடப் பட்டேன். முப்பத்திநாலு வருஷத்தில் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு பீஸைக்கூட நான் தள்ளியதில்லை. உன் நோட்டுகளைத் திறந்துகூடப் பார்க்காமல் தள்ளினேன். நான் செய்தது தப்பு. உனக்கு நல்லதுக்குத்தான் என்று சேர்த்து எழுத வந்தது, எழுதாமல் விட்டேன்.

படத்தை எப்படிப் பார்ப்பது என்று எரிக் உனக்கு அனுப்புவான், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பார். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, அம்மா அனுப்பிய கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொள். தேவமாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாளாக, எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உங்களுக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவோடு பேசி முடித்ததும் வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல். உன் நோட்டில் இருந்த அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயராஜ்