பதினொரு கம்பளியும் பதினொரு இடது செருப்பும்

அக்கா, முதலில் ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் ரூமில் இருக்கிற அந்தத் திருச்சிக்காரிக்குக்கூடக் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துத் தண்ணீரில் ஊற வைத்துவிடு. வழக்கம்போல இது அம்மாவின் கடிதம்தான். பனியில் அம்மாவின் விரலெல்லாம் வெடித்துப் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து விஷயத்தையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, இதை அழகாக எழுதி வர்க்கிப் பொட்டலத்தோடு வை, காலையில் சென்னைக்குப் போகிற ரவிக்குமார் அண்ணன் கையில் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் படுத்துவிட்டாள். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாயாம், கடிதம் என்றால் இரண்டு தரம் படிப்பாயாம். நானும் உன்னிடம் போனில் பேச முடியாது, அம்மா எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டு லயத்தில் இருக்கிற வரிசை வீடு அத்தனைக்கும் கேட்க வைப்பாள் என்று உனக்குத் தெரியும். ஆகையால் அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே எழுதி, நடுநடுவே என்னுடையதையும் எழுதுகிறேன். அம்மாவின் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு. இனி அம்மா.

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா அன்னக்கிளி சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி சுமலதாவும் குளிர் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வெயில் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். பத்து நாளாக உறைபனி விழுகிறது, காலையில் பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது மாதிரி இருக்கிறது, தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது, குழாயில் ஏழரை மணிக்கு முன்னால் தண்ணீர் வருவதில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதென்று உன் அப்பா பாட்டிலோடு அடுப்பில் வைத்தார், எண்ணெய்க்கு முன்னால் பாட்டில் உருகிவிட்டது. அதை விடு, பெரிய விஷயம் வேறு. நம் லயத்தில் கம்பளித் திருடன் வந்துவிட்டான் கண்ணு. நேற்றுக் காலை வேலைக்கு முன்னால் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகலாமென்று எழுந்து பார்த்தால் ஆணியில் மாட்டிய கம்பளியைக் காணோம். எனக்கு மட்டும் இல்லை, பதினொரு வீட்டில் காணோம். கம்பெனி கொடுக்கிற கம்பளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதென்று நான் பெரட்டில் கூப்பிடுகிற என் செக்ரோல் நம்பரை மூலையில் சிவப்பு நூலால் தைத்து வைத்திருந்தேனே, நாற்பத்தேழு என்று, ஏழு கோணலாக இருக்கிறதென்று நீகூடச் சிரித்தாயே, அந்தக் கம்பளிதான். பதினொரு பொம்பளைகள் சேலைத் தலைப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கி நின்றதைப் பார்த்து சூப்பர்வைசர், என்னங்க இது, பேசி வச்சுட்டு ஸ்ட்ரைக்கா பண்றீங்க என்று கேட்டார். அடுத்த கம்பளி அடுத்த வருஷம்தானாம். எடுத்தவன் கையில் புழு வைக்க வேண்டும், அவன் குடும்பமே குளிரில் விறைத்துப் போக வேண்டும்.

அக்கா, கடைசி வரியை அம்மா மூன்று தரம் சொன்னாள், நான் ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன். அவன் குடும்பம் என்றால் அதில் அம்மாவும் வருகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. திருடன் யாரும் இல்லை அக்கா. நாங்கள்தான். எங்கள் கால்பந்து டீம்.

நாங்கள் மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்கு நாகர்கோவில் போகிறோம், வெள்ளிக்கிழமை பஸ், நான்தான் கோல்கீப்பர் என்று உனக்குத் தெரியுமே. பஸ் காசும் சாப்பாடும் நாங்களேதான் திரட்ட வேண்டும். கையில் இருக்கிற காசு திண்டுக்கல் வரைக்கும்தான் வரும், அங்கிருந்து ஓடியே போனால் பயிற்சியும் ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற எல்சா டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு, ஆளுக்கொரு யோசனை கொண்டு வாங்க என்றார். கீழே சமவெளியில் என்றால் மோர் விற்கலாம், வண்டி கழுவித் தரலாம். இங்கே இந்தக் குளிரில் யார் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கிறார்கள்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் கேப்டன் மெட்டில்டா கேரல் பாடப் போகலாம் என்றாள். எல்லாரும் போனோம், பாதிப் பேருக்கு ஒரு பாட்டுத்தான் தெரியும், அதையே எல்லா வீட்டிலும் பாடினோம். எந்த வீட்டிலும் எங்களை நிற்க வைத்து அனுப்பவில்லை, உட்கார வைத்து டீயும் கேக்கும் கொடுத்தார்கள். உண்டியலில் விழுந்ததைவிட வயிற்றில் விழுந்ததுதான் அதிகம். அடுத்து ஸ்கூல் கேட்டில் சுக்குக் காப்பி போட்டோம். டீச்சர்கள்தான் குடித்தார்கள், சம்பளம் வரட்டும் என்றார்கள். எல்சா டீச்சரே ருசி பார்க்க மூன்று டம்ளர் குடித்தார். அப்புறம்தான் என் யோசனை.

ரோட்டுக்குக் கீழே இருக்கிற புல்வெளியில் விடியற்காலையில் உறைபனி பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள் அக்கா. அரைக்கை சட்டையும் செருப்புமாக வந்து இறங்கி, இரண்டு போட்டோ எடுப்பதற்குள் பல் தந்தியடிக்கிறது. ஒருவர் வண்டி துடைக்கிற துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் கம்பளி ஆணியில் சும்மா தொங்குகிறது, அம்மாக்கள் எட்டு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று ஐந்தரைக்கு எடுத்துப் போய் அரை மணி வாடகைக்குக் கொடுத்து, ஏழேகாலுக்குத் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்கு நஷ்டம்? திருப்பித் தராமல் போய்விட்டால் என்ன பண்ணுவது என்று மெட்டில்டா கேட்டாள். ஆளுக்கொரு இடது கால் செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஒத்தைச் செருப்போட எவன் ஓடுவான் என்று சொன்னதும் நான்தான். உன்ற மண்டையில மூளைதான்டி என்று எல்லாரும் என் தலையில் தட்டினார்கள். எந்தக் கம்பளி யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்கு நாங்கள் பெரட்டு மாதிரியே செய்தோம். மெட்டில்டா நம்பரைக் கூப்பிடுவாள், கம்பளி வைத்திருக்கிறவர் ஆஜர் என்று சொல்ல வேண்டும். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது அக்கா, சொல்லிவிட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். முதல் நாள் முடிவில் எங்கள் காசு மதுரையைத் தாண்டிவிட்டது. இரண்டாம் நாள் திருநெல்வேலி. சுக்குக் காப்பி இப்படி விற்கிறதா என்று எல்சா டீச்சருக்கு ஆச்சரியம். இன்னும் ஒரே ஒரு காலைதான் தேவைப்பட்டது.

அந்த ஒரே ஒரு காலையில்தான், அதாவது நேற்று, விருதுநகரிலிருந்து ஒரு டெம்போ வந்தது. சரியாகப் பதினொரு பேர், எங்களிடம் சரியாகப் பதினொரு கம்பளி. ஒரு பெரியவர் போர்த்திப் பார்த்துவிட்டு, ஏம்மா இது கம்பளியா கழுதைப் பொதியா, இந்தக் கனம் கனக்குது என்றார், ஆனால் கழற்றவில்லை. அம்மாவின் கம்பளியை நாலு வயதுப் பாப்பா ஒன்று போர்த்திக்கொண்டது. கம்பளிக்குள் பாப்பா எங்கே என்று தேட வேண்டியிருந்தது, நாற்பத்தேழு என்றால் மட்டும் உள்ளேயிருந்து ஆஜர் என்று கத்தும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஃபாரஸ்ட் கார்டு விசில் ஊதிக்கொண்டு, புல்லுக்குள்ள யாரு, வெளிய வாங்க, வெளிய வாங்க என்று ஓடி வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். பதினொரு பேரும் கம்பளியோடு ஒற்றைக்காலில் நொண்டி விளையாடுவதுபோல் குதித்துக் குதித்து டெம்போவில் ஏறினார்கள். நாங்கள் செருப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினோம். மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் ரோட்டில் டெம்போ இல்லை. எங்களிடம் பதினொரு இடது செருப்பு இருந்தது. யோசனை உன்றதுதான, நீயே வச்சுக்கோ என்று மூட்டையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் பாப்பாவின் ஷூவும் ஒன்று, குதிகாலில் சிவப்பு லைட் வைத்தது. மூட்டையைத் தொட்டால் மின்னுகிறது, கட்டில் ஆடினாலும் மின்னுகிறது. நேற்று ராத்திரி அப்பா எழுந்து, சுமலதா, அங்க என்ன சாமி வெளிச்சம் என்று கேட்டார். சார்ஜர் என்றேன். அதற்குப் பிறகு விடியும்வரை நான் திரும்பிப் படுக்கவே இல்லை.

மறுபடியும் அம்மா. இந்த வேலையைச் செய்தது யாரென்று லயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ராத்திரிக் காவல் மனுவேல்தானே, அவருக்குத் தெரியாமல் பதினொரு கம்பளி எப்படிப் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவர் வீட்டுக் கம்பளியும் போய்விட்டது, ஆனால் அது சந்தேகம் வராமல் இருக்க அவரே ஒளித்து வைத்தது என்கிறார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்த்தால் திருடினவர் மாதிரித் தெரியவில்லை, தூங்கினவர் மாதிரித்தான் தெரிகிறது. இருந்தாலும் அவர் வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், காவல் வேலை போனாலும் போய்விடும். இன்று ராத்திரி ஆம்பிளைகள் டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தேடப் போகிறார்கள், கட்டிலுக்கு அடியில்கூட விடப் போவதில்லை.

அக்கா, மனுவேல் மாமா மெட்டில்டாவின் அப்பா என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இன்று பயிற்சியில் மெட்டில்டா பந்தை என் முகத்துக்கு நேராக அடித்தாள், பத்துத் தரம். பத்தையும் பிடித்தேன். பதினோராவது தரம் அவள் அடிக்கவில்லை, பந்து மேலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பனையும் காப்பாத்தணும், டீமையும் காட்டிக் கொடுக்கக் கூடாது, நான் என்னடி பண்றது என்றாள். சொன்னால் ஒருத்தியையும் வீட்டில் நாகர்கோவிலுக்கு அனுப்ப மாட்டார்கள், சொல்லாவிட்டால் மாமாவுக்கு வேலை இல்லை. உன்னிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். தீபாவளிக்கு வந்தபோது அம்மாவின் கம்பளியைத் தவறுதலாக நான்தான் எடுத்து வந்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்ல முடியுமா என்று. எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, அம்மா அதை முந்தாநாள் பெரட்டுக்குப் போர்த்திக்கொண்டு போனாள், மற்ற பத்தும் உன் பெட்டிக்குள் எப்படி வந்தது என்றும் யாராவது கேட்பார்கள். இதை விட்டுவிடு.

இன்னொன்று. சாப்பிடும்போது அப்பா ஒரு கதை சொன்னார். ஒரு டெம்போவில் வந்த கூட்டம் எஸ்டேட் எஸ்டேட்டாக நிறுத்தி ஏதோ நம்பர் கேட்டுக்கொண்டு போகிறதாம், எல்லார் காலிலும் ஒற்றைச் செருப்புத்தானாம், பஸ் கண்டக்டர் பார்த்தாராம். பாவம், ஏதோ வேண்டுதல் போல என்று அப்பா சொன்னார். நான் தண்ணீர் குடித்தேன், கட்டிலைத்தான் பார்த்தேன்.

அம்மா சொன்னதில் மிச்சத்தை எழுதி முடித்துவிடுகிறேன். கண்ணு, நைட் ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. பொட்டலத்தில் வர்க்கியும் ஒரு ஜோடி சாக்ஸும் இருக்கிறது, அங்கே சாக்ஸ் எதற்கு என்று கேட்காதே, ஏசி ரூமில் வேலை செய்கிறாய். வர்க்கியை எல்லாருக்கும் கொடு, ஆனால் முதலில் நீ நாலு எடுத்துக்கொண்டு கொடு. தங்கச்சி வெள்ளிக்கிழமை நாகர்கோவிலுக்கு விளையாடப் போகிறாள். ராத்திரி பஸ், காற்று அடிக்குமே, என் கம்பளியைக் கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன், அதற்குள் அந்தப் பாவி கொண்டு போய்விட்டான். பரவாயில்லை, உன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அவளுக்குக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், விரல் வெடித்ததே அதனால்தான், பந்து பிடிக்கிற பிள்ளைக்குக் கை விறைக்கக் கூடாது. உன் உடம்பும் வேலையும் கெடாமல் மாரியாத்தா பார்த்துக்கொள்வாள். பொங்கலுக்கு லீவு கேட்க மறந்துவிடாதே, இன்றைக்கே கேள். இப்படிக்கு உன் அம்மா அன்னக்கிளி, செக்ரோல் 47.

நம்பர் போடாவிட்டால் கையெழுத்துச் செல்லாது என்று அம்மா நினைக்கிறாள்.

அக்கா, கையுறை விஷயம் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் குறித்துக்கொண்டிருந்த காகிதத்தைத்தான் பார்த்தாள். நான் முடிவு செய்துவிட்டேன். காலையில் எட்டு மணிக்கு முன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன், மாமா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். யோசனை என்னுடையதுதான், மற்றவர்கள் வெறுமனே கூட வந்தவர்கள் என்று சொல்வேன். கையுறையை ரிசர்வ் கோல்கீப்பர் எல்லம்மாளுக்குக் கொடுத்துவிடுவேன், அவளுக்குப் பந்து வந்தால் கண்ணை மூடுகிற பழக்கம் உண்டு, ஆனால் கை பெரிய கை. நாகர்கோவிலில் கடல் எப்படி இருந்தது என்று அவளையே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் செய் அக்கா, அம்மா என்னை அடித்துவிட்டு உனக்குப் போன் செய்வாள், அப்போது நீ சிரிக்காமல்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தேடுகிற ஆட்கள்தான் போல. விளக்கை அணைத்துவிட்டுத் தடவித் தடவி எழுதுகிறேன். இல்லை, மனுவேல் மாமா குரல். அன்னக்கிளியக்கா, கதவைத் தொறங்க, உங்க நம்பரைக் கேட்டுட்டு ஒரு கூட்டமே வந்திருக்குதுங்க என்கிறார். அம்மா எழுந்துவிட்டாள். இருட்டில் கதவுக்கு அடியில் சிவப்பாக ஒன்று மின்னி மின்னி அணைகிறது அக்கா, என் கட்டிலுக்கு அடியில் மின்னுகிற அதே சிவப்பு. அம்மா தாழ்ப்பாளில் கை வைத்து, யாருங்க அது, நாப்பத்தேழு எதுக்கு என்று கேட்கிறாள். வெளியே ஒரு பாப்பா ஆஜர் என்று கத்துகிறது.