நிமிர்ந்ததில் வந்த வினை

ஆன்திகுவா,
தவக்காலத்து நான்காம் ஞாயிறு கழிந்த செவ்வாய்

என் செல்ல மகள் மிரேயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாதாவின் தயவால் சுகம், அந்த ஒமாஹா குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்த முறை அதற்குச் சாட்சியே இருக்கிறது. என் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உன் அம்மா கடைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறாள், ரொட்டி வாங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என் வயிற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். போன தவக்காலத்தில் ஆண்டவர் சப்பரத்தைத் தூக்கும்போது எனக்குக் கால் சுளுக்கிவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, சுளுக்கும் இல்லை ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் தூக்கியவன், எனக்குரிய தெருவில் பாதி தூரம்கூடப் போக முடியாமல் வரிசையை விட்டு வெளியே வந்து, ஊதா அங்கியோடு ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். சப்பரம் தூக்கும் சபையின் தலைவர் தோன் அர்னுல்போ மறுநாள் கடைக்கே வந்து, அடுத்த வருஷமும் இப்படி ஆனால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், விதி அப்படி என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. உன் எவாரிஸ்தோ மாமாவுக்கோ கொண்டாட்டம், என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே, மச்சான் சப்பரத்துக்குக் கீழே நிற்கிற ஆள் கிடையாது, மேலே ஏற்றி வைக்க வேண்டிய கனம் என்றான். உன் அம்மா, சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம்தான் நீ அனுப்பிய பெட்டி வந்தது. சப்பாத்து, சாக்லேட், நடுவில் ஆறு உடற்பயிற்சி டிவிடி, அட்டையில் வயிறே இல்லாத தமாரிஸ் என்று ஒரு பெண். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன், பெற்ற அப்பனைக் குண்டன் என்று சொல்ல ஒமாஹாவிலிருந்து தபால் செலவு வேறா என்று கத்தினேன். முதல் நாள் சும்மா பார்ப்போமே என்று நாற்காலியில் உட்கார்ந்து காபியில் நம் கடைச் சாம்புராடா ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டே முழுசையும் பார்த்தேன். அந்தத் தமாரிஸ் பெண் குதித்து முடித்துவிட்டு, இன்றைக்கு நன்றாக உழைத்தீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எண்ணிப் பார்த்தால் எட்டு சாம்புராடா. அன்றைக்கு வந்தது பார் ஒரு வெட்கம், அதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

மத்தியானம் கடைசி அடுப்பு ரொட்டி இறங்கியதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு டிவியைப் போடுவேன். முதல் வாரம் அஞ்சு நிமிஷம், அதற்கே நாக்குத் தள்ளியது. மூன்றாவது டிவிடியில் ஒரு பயிற்சி உண்டு, முதுகை நேராக வைத்து முழங்காலை மட்டும் மடக்கி, உட்கார்ந்தும் உட்காராமலும் நடக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தவன் நரகத்துக்குத்தான் போவான். அந்தப் பெண் வேறு, முதுகைக் கூன விடாதே, முதுகைக் கூன விடாதே என்று ஓயாமல் விரட்டுவாள். சனிக்கிழமை தோறும் உன் அம்மா என்னை மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி, எத்தனை ராத்தல் என்று அடுப்புப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதுவாள். மூன்று வாரம் எண் அசையவே இல்லை, தராசு கெட்டுவிட்டது என்று சண்டை போட்டேன். மாவு மூட்டைக்குத் தராசு சரியாத்தான் நிக்குது, நீங்கதான் இறங்கலை என்றாள். நான்காம் வாரத்திலிருந்து இறங்கியது இறங்கியதுதான், தவக்காலம் பிறக்கும்போது முப்பத்தொரு ராத்தல் போயிருந்தது. அங்கியை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மரம் எல்லார் தோளிலும் சமமாக உட்கார வேண்டும் என்று ஜனவரியில் சபையில் தோள் உயரம் அளந்து, ஒரே உயரக்காரர்களை ஒரே வரிசையில் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள் அல்லவா, அன்றைக்கு நீண்ட கூட்டம், எனக்கு அடுப்பில் ரொட்டி. அளவுகோல் எதற்கு, எப்போதும்போல நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள், அறுபத்தொரு வயதில் எவன் வளர்கிறான் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் என் முறை வந்தது. எனக்குப் பின்னால் உன் மாமா, அவனுக்கும் நூற்று முப்பத்தாறுதான். தோள்மரம் இறங்கியது. இறங்கியது என்றால் என் ஒருத்தன் தோளில் இறங்கியது. மாவு மூட்டை நாலு சேர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது, போன வருஷம்போல ஆகிவிடுமோ என்று மாதாவைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வெறும் தோளோடு வருகிறார்கள், மரம் அவர்களைத் தொடவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பெண் விரட்டி விரட்டி என் கூனை எடுத்திருக்கிறாள், நான் உயர்ந்துவிட்டேன். பின்னாலிருந்து உன் மாமா அழாக்குறையாக,

“மச்சான், கொஞ்சம் குனிங்க மச்சான். வருஷம் பூரா காத்திருந்து வந்திருக்கேன், எனக்கும் பாவம் கழிய வேண்டாமா?”

என்றான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை, மிரேயா. ஒரு வருஷம் காத்திருந்து வந்தவனுக்கு வெறும் தோளோடு வீடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், போன வருஷம் நான் அப்படித்தான் திரும்பினேன்.

“குனிய மாட்டேண்டா. மடக்குறேன், புடிச்சுக்கோ,” என்றேன்.

முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கினேன். மரம் அவன் தோளில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது, ஆண்டவரே என்று அவன் முனகியதும் கேட்டது. அப்படியே நடந்தேன். மரத்தூள் கோலத்தின்மேல், பாட்டுக்கு அசைந்து அசைந்து, தெரு முழுக்க, அந்த நரகப் பயிற்சியில். தொடை எரிந்தது, கண்ணில் வேர்வை இறங்கியது, மூச்சு மட்டும் வாங்கவில்லை. தெரு முக்கில் அடுத்த ஆள் வந்து தோள் கொடுத்தபோதுதான் வெளியே வந்தேன். ஓரமாக நின்றிருந்த உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

தோன் அர்னுல்போ அங்கேயே அளவுகோலைக் கொண்டுவரச் சொல்லி என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். நூற்று முப்பத்தெட்டரை. சீட்டில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருஷம் உயரமானவர்கள் வரிசையில் நில்லுங்கள் என்றார். நேற்று உன் மாமா கடைக்கு வந்து, ரொட்டி வாங்குகிறவன்போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்த டிவிடியில் முதலாவதைக் கொடுங்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

கொடுக்கவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன், அவன் காத்திருக்கட்டும். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவை நான் பெரிது பண்ணிப் பார்த்தேன், கண்ணு. நாள் முழுக்க அந்த ஆலையில் இறைச்சி வெட்டும் மேஜைமேல் குனிந்து நிற்கிற தோள் அது, என் பழைய தோள். எனக்கு வாங்கி அனுப்பினாயே தவிர நீ ஒரு நாளும் போட்டுப் பார்த்திருக்க மாட்டாய். அஞ்சு நிமிஷத்தில் ஆரம்பி, சாம்புராடா இல்லாமல். மாதா உன்னைக் காக்கட்டும், உன் கை கால் நோகாமல் இருக்கட்டும், அம்மா முத்தம் தரச் சொன்னாள். ஊருக்கு வரும்போது தோன் அர்னுல்போ என்னை அளந்த அந்தச் சுவரோடு உன்னையும் நிறுத்தி அளப்பேன், மறந்துவிடாதே.

நூற்று முப்பத்தெட்டரை சென்டிமீட்டரில் தோள் உள்ள உன் அப்பா,
பவுதீலியோ