ஓரம் வெட்டிய படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம்; கோபம்தான் தலைக்கேறியிருக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சரக்கு கடத்தும் புரதம் ஒன்றைக் கண்டுபிடிக்க, அதில் மட்டுமே ஒட்ட வேண்டிய ஓர் ஆன்டிபாடியை ஆய்வகத்துக்கு வாங்கியிருந்தோம். புரதம் இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு விழும். நேற்று அந்தப் புரதத்தையே நீக்கிய செல்லில் சோதித்தேன். அங்கேயும் அதே கோடு! இந்தப் புளுகுணியை நம்பிச் செய்த ஐந்து மாத வேலை பாழ். பேராசிரியரோ, "படத்துல அந்தக் கோடு இருக்கிற ஓரத்த மட்டும் வெட்டிட்டு ஆய்விதழுக்கு அனுப்பு. யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். "எனக்குத் தெரியுமே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கையோடு உன்னையும் கேட்கிறேன். எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்டி." நீ அனுப்பிய சர்க்கரைப் பரிசோதனைத் தாளின் படத்தில் எண்கள் இருக்கும் ஓரத்தை மட்டும் காணோம். முழுத் தாளையும் அனுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது என்று நீயுமா நினைத்தாய்?

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்