பிழை: இல்லை

டவுன்ஸ்வில்
1943 மே 11, செவ்வாய், காலை 10.40

அன்புள்ள ஐவி அக்கா,

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கடற்படைக் கோர்ட்டுக்குள் போனேன். பத்து முப்பத்தொன்றுக்கு வெளியே வந்துவிட்டேன். ஐந்து அதிகாரிகள், ஏழு கேள்விகள், ஏழுக்கும் பதில் சொன்னேன். வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லீவில் தெற்கே வரும் நண்பனிடம் கொடுத்தனுப்புவதால் சென்சார் கத்தரிக்கோல் படாது.

உன் கணவர் மெர்வினுக்கு எதிராகத்தான் என் சாட்சி போனது. வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 18, மாலை நாலு மணி, எங்கள் கப்பலைச் சுற்றிக் கொட்டும் மழை. திசைகாட்டி தப்பு, முன்னால் பவளப்பாறை நுரைக்கிறது என்றார் மெர்வின். நேராகப் போ என்றார் கேப்டன். மெர்வின் அவரை அறையில் அடைத்துவிட்டுக் கப்பலைத் திருப்பினார். கரையில் வெடிமருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பாறையில் மோதவில்லை, அதனால் எங்கள் வழியில் பாறை இருந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை. அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

இருப்பது என் நோட்டு மட்டும். மின்திசைகாட்டியையும் காந்தத் திசைகாட்டியையும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, மின்பிரிவில் நான் எழுதும் நோட்டு.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நாலு மணிக்கு நேரா என்ன எழுதியிருக்கீங்க?"

"பிழை இல்லைன்னு, சார்."

அவ்வளவுதான். நோட்டில் இருப்பதை என்னால் மாற்ற முடியாது அக்கா. கோபப்படாதே. நீ அனுப்பிய பழக் கேக் வந்து சேர்ந்தது. டின் நசுங்கியிருந்தது, கேக் நன்றாகத்தான் இருந்தது.

அன்புடன்,
கிளைவ்

ஜீலாங்
மே 24

அன்புள்ள கிளைவ்,

மெர்வினுக்கு இரண்டு வருடம். பதவியும் பறிபோனது. உனக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்துச் சிறைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள், சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.

கறிக்கடை வரிசையில் திருமதி பாக்ஸ்டர் என்னை விடவில்லை. "ஏன்டியம்மா, கூடப் பொறந்த தம்பியே சொல்லிட்டானாமே! அவன் பொய்யா சொல்லுவான்? யாராவது சொந்த மச்சானையே மாட்டிவிடுவாங்களா?" என்றாள். கறி வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ பொய் சொல்பவன் இல்லை. ஏழு வயதில் என் பூந்தொட்டியை உடைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே வந்து சொன்னவன் நீ. ஆனால் மெர்வின் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார். அதைக் கோர்ட்டில் யாருமே கேட்கவில்லையாம்.

"அன்னைக்கு நாலு மணிக்கு அவன் கண்ணால பாத்தானான்னு மட்டும் கேளு ஐவி. வேற எதுவும் வேணாம்."

பார்த்தாயா?

உன் அக்கா

டவுன்ஸ்வில்
ஜூன் 9

அக்கா,

பார்க்கவில்லை.

காலை எட்டு மணிக்குப் பார்த்தேன். அப்போதே பன்னிரண்டுக்கும் நாலுக்கும் எட்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். பதினொரு மாதமாகப் பிசகாத இயந்திரம். எனக்குப் பம்பு பழுதுபார்க்கும் வேலை கிடந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இது சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"கண்ணால் பார்த்தாயா" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை, சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே மின்திசைகாட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு கம்பியின் திருகு தளர்ந்திருக்கிறது. கப்பல் பலமாக ஆடினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஆட்டிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஒன்பது டிகிரி விலகிவிட்டது. கடல்வரைபடத்தில் கோடு போட்டேன். மெர்வின் திருப்பாமல் இருந்திருந்தால் ஏழு நிமிடத்தில் பாறை. எண்பத்திரண்டு பேர் இருந்தோம்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடற்படை வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன். என்னைத் தண்டிக்கட்டும். அவரை விட்டுவிடுவார்கள். தைரியமாக இரு.

கிளைவ்

ஜீலாங்
ஜூலை 12

கிளைவ்,

வாரியத்தின் பதிலை வக்கீல் படித்துக் காட்டினார். சாட்சி சொன்னவர் கைதியின் மைத்துனராம். விசாரணையில் அவர் சொன்னதுதான் நம்பத் தகுந்ததாம், ஏனென்றால் அது குடும்பத்துக்கு எதிராக இருந்தது. இப்போது எழுதியிருப்பது பாசத்தால் எழுதியதாம். திருகு மே மாதத்தில்கூடத் தளர்ந்திருக்கலாமாம்.

மெர்வினிடம் ஓடினேன். "தம்பி ஒத்துக்கிட்டான், பாக்கவே இல்லையாம்! நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் என்னைத்தான் கேட்டார்.

"மழையும் வெள்ளையாத்தானே இருந்துது ஐவி? நான் பாத்தது நுரையா மழையான்னு இப்ப எனக்கே தெரியல. புக்குல பிழை இல்லைன்னு இருக்கு. அஞ்சு பேரு படிச்சாங்க. நான் ஒருத்தன் மட்டும் எப்படி..."

முடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

தண்டனையை அவர் தாங்கிக்கொள்வார். தன் கண்ணை அவர் நம்பாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னைத் திட்டக்கூட வரவில்லை. எனக்கு எழுதாதே.

ஐவி

டவுன்ஸ்வில்
ஆகஸ்ட் 2, திங்கள், மாலை 5.15

அக்கா,

எழுதாதே என்றாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

எனக்குத் தண்டனை இல்லை. கேப்டன் கூப்பிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அக்காவுக்காகப் பொய் சொல்லப் பாத்தே. போகட்டும்பா, எனக்கும் ஒரு அக்கா இருக்கா" என்றார். உண்மை சார் என்று கத்தினேன். தோளில் தட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

கோடு போட்ட வரைபடத்தின் நகலை மெர்வினுக்கு அனுப்பினேன். போர்ப் பகுதி வரைபடம் கைதிக்குக் கூடாது என்று திரும்பி வந்தது. வாரியத்துக்கு இரண்டாவது மனுவும் போட்டேன். கோப்பு மூடப்பட்டது என்று ஒரு வரியில் பதில்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை மெர்வினுக்கு டிகிரி, நிமிடம் என்று எண்ணே இல்லாமல் ஒரு வரி எழுதுவேன்: நீங்கள் பார்த்தது நுரைதான்.

2. அதையும் திருப்பி அனுப்பினால் அடுத்த திங்கள் அதே வரி. ஒவ்வொரு திங்களும்.

3. அவர் விடுதலையாகும் நாளில் ஜீலாங்குக்கு வரமாட்டேன். வாசலில் அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

4. உனக்கு எழுதுவதை இத்துடன் நிறுத்துகிறேன்.