நுனி உடைந்த கொம்பு

கரட்டுப்பட்டி
5-2-1938

மதிப்புக்குரிய கனி அண்ணனுக்குத் தம்பி சிவனாண்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மதினிக்கு இடுப்பு வலி தேவலையா? பொங்கலுக்கு நீங்கள் வராத கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது ஓர் உதவி. எழுதவே கை கூசுகிறது.

சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் ஊர்ப் பாரிவேட்டை. வேட்டைக்கு முன்னால் நடக்கிறவன் நான். இரண்டு வருஷமாக ஊரே திரண்டு காட்டை வளைத்தும் முயல்தான் கிடைத்தது. ஒரு காலத்தில் கம்பங்கொல்லையில் மான் விரட்ட ஆள் போட்டோம். இப்போது குளம்படிகூட இல்லை. மோட்டாரில் துப்பாக்கியோடு வருகிற மதுரைக் கனவான்கள் குட்டி, சினை பார்க்காமல் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். ஊரில் அவர்களை யாரும் குறை சொல்லவில்லை, என் கை ராசியில்லை என்கிறார்கள். இந்த வருஷமும் வெறுங்கையென்றால் முன் நடக்கும் மரியாதை எங்கள் வீட்டைவிட்டுப் போய்விடும்.

மானைக் காட்டிலேயே அறுத்து, கொம்பில் மஞ்சள் பூசிக் கருப்பசாமி முன் வைத்து, கறியை வீட்டுக்கொரு கூறு போடுவது வழக்கம். நானும் என் கூட்டாளி சுருளியும் மட்டும் ஓடைப் பக்கம் பிரிந்து போவோம். மான்கறிக்குப் பதில் ஓர் ஆடு பார்த்துவிட்டேன். உங்கள் தோல் மண்டியில் ஒரு ஜோடி வெளிமான் கொம்பு இருக்காதா? வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
சிவனாண்டி


786
காஜிமார் தெரு, மதுரை
14-2-1938

அன்புத் தம்பி சிவனாண்டிக்கு,

சந்தைக்கு வந்த சுருளியிடம் சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பிரித்ததும் உனக்கே தெரியும். மண்டியில் இருந்ததெல்லாம் கப்பலேறிவிட்டது. இது ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ என் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த கொம்பு. உங்கள் மொக்கைச்சாமி எறிந்த வளரி பட்டு இடது நுனி உடைந்ததே, அதேதான். அந்தப் பக்கம் மஞ்சளைத் தடிப்பாகப் பூசிவிடு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் சோறு இறங்காது. அந்த மோட்டார்க்காரர்களுக்கு வழி சொன்னவன் நான். கறி அவர்களுக்கு, தோல் எனக்கு என்று பேச்சு. உங்கள் ஊருணிக்கு எந்த நேரம் மான் தண்ணீருக்கு வரும் என்று நீ என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னதைத்தான் அவர்களிடம் சொன்னேன். வந்த தோல்களில் பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிகளும் இருந்தன. பொங்கலுக்கு நான் வராதது அதனால்தான். உன் வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்?

வெட்கத்துடன்,
நாகூர் கனி


கரட்டுப்பட்டி
20-3-1938

கனி அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மூன்று நாள் உங்கள்மேல் ஆத்திரமாக இருந்தது. கொம்பைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அனுப்பவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்ததே.

வேட்டை நடந்தது. என்னைத் தோளில் தூக்கிக் குலவையிட்டு ஊருக்குள் அழைத்துப் போனார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன். கூறு போட்டோம், எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆம்பளைகள் நாம் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். கொம்பில் பூசிய மஞ்சளைச் சுரண்டிப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் பூசுவது இங்கே பெண்களின் வழக்கம். மொக்கைச்சாமியின் பெண்சாதி ஒச்சாயி தன் மகளுக்காகச் சுரண்ட வந்தாள். அவன் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவள் விரல் அந்த உடைந்த நுனியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, எம் புருசன் அடிச்ச மானை இன்னொருக்கா அடிச்சீகளாக்கும்?" என்றாள்.

மஞ்சள் எடுக்காமல் போய்விட்டாள். அதன் பிறகு கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் இருந்த கண்ணுச்சாமி சிரித்தான்.

"ஆட்டுக்கறின்னு வாயில வச்சதுமே தெரிஞ்சு போச்சுண்ணே. அம்புட்டுப் பேரும் உங்க முகத்துக்காகத்தேன் தின்னோம்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கொம்பை ஒச்சாயி வீட்டில் கொடுத்துவிட்டேன், முன் நடக்கும் பொறுப்பையும் விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் கண்ணுச்சாமி நடப்பான். மான் கண்ணில் பட்டாலும் கை ஓங்குவதில்லை என்று ஊரில் பேச்சு முடிந்திருக்கிறது.

ஊருணிக்கு மோட்டார்க்காரர்களைக் கூட்டிவந்தது யார் என்று கேட்டார்கள். மான் வருகிற நேரத்தை வெளியாளிடம் உளறியவன் நான் என்று ஒப்புக்கொண்டேன். எவரிடம் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், அண்ணே.

சிவனாண்டி


786
காஜிமார் தெரு, மதுரை
27-3-1938

தம்பி,

கடிதத்தை உன் மதினி நஜ்முன்னிசாவிடம் வாசித்துக் காட்டினேன். கொம்பு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "வீட்ல என்கிட்ட சொல்லவே உங்களுக்கு இம்புட்டு நாளாச்சே, அங்க போயி எப்படிச் சொல்லுவீக?" என்றாள்.

மண்டி வாசலில் மான் தோல் வாங்குவதில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். வாங்க மான் இல்லாத காலத்தில் எழுதுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். நேரே உன் வீட்டுக்கு வரமாட்டேன். முதலில் ஒச்சாயி வீட்டு வாசலுக்குப் போகிறேன், அப்புறம் ஊர்க்கூட்டத்துக்கு.

வழக்கமாக நான் வரும்போது உன் வீட்டில் எனக்குச் சமைப்பார்கள். இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம்.

நாகூர் கனி