நீராவிப் பெட்டியும் அத்தானின் சட்டையும்

6 ஜூலை 2025, அரியலூர்

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தோம். கலைச்செல்வனும் வந்திருந்தார். என் மனைவி கிருஷ்ணம்மாளின் அத்தை மகன். தன் மனைவி இறந்தபின், போன மாசியில் திருச்சியை விட்டு வந்து எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்.

வெள்ளைப் பருத்திச் சட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். ஒரு சுருக்கம் இல்லை. கிருஷ்ணம்மாள் அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து நீவிப் பார்த்தாள்.

"யாரு அத்தான் தேச்சது?"

"நாந்தான் கிட்டு. பய சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பொட்டி அனுப்பிருக்கான். கீழ தண்ணித் தொட்டி, அதுலேர்ந்து ஒரு குழாய் மேல வருது. ஆவி பட்டாலே சுருக்கம் ஓடிப்போயிடுது."

கிட்டு! மணமாகி நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. நான் அவளை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. 'இங்க பாரு' என்பேன், திரும்பிப் பார்ப்பாள்.

7 ஜூலை

என் சட்டையும் நேற்று சுருக்கமில்லாமல்தான் இருந்தது. அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தேய்த்தவளுக்கே அதில் வியப்பு என்ன இருக்கும்?

10 ஜூலை

அவள் தோள் வலிக்கு டாக்டரிடம் போனோம். வலது கையை மேலே தூக்கச் சொன்னார். பாதிக்கு மேல் போகவில்லை. கனமானதைத் தூக்க வேண்டாம் என்றார். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி பழைய இரும்புக் கனம். ஆக, நீராவிப் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவுக்குக் காரணம் தோள்தான், சட்டை அல்ல. (அப்படித்தானா?)

தாளில் கட்டம் போட்டிருக்கிறேன்: ஆவியின் அழுத்தம் எத்தனை பார், நிமிஷத்துக்கு எவ்வளவு ஆவி, தொட்டியின் கொள்ளளவு, கையில் பிடிக்கும் பாகத்தின் எடை. சிமெண்டு ஆலைச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவன். அளக்காமல் ஒன்றையும் நம்பிப் பழக்கமில்லை.

15 ஜூலை

பெரம்பலூர். மகள் பூவிழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மீரான் பாய் கடைக்குப் போனேன். லப்பைக்குடிகாட்டுக்காரர், மரியாதையான மனிதர். இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்று அழுத்தம் அதிகம், பிடி கனம். இன்னொன்று பிடி லேசு, தொட்டி சிறிது. இரண்டுக்கும் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் அது மோட்டார் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டேன்.

"யாரு சார் தேய்க்கப் போறது?"

"வீட்ல அவங்கதான்."

"அப்ப அம்மாவ கூட்டிட்டு வாங்க சார். கையில புடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்? ரெண்டு நாள்ல ஆடி பொறந்துரும், தள்ளுபடியும் போட்டுர்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளை அழைத்துப் போனால் கடையிலேயே சொல்வாள், 'அத்தான் வூட்ல இருக்கறது மாதிரியே இருக்கா?' என்று. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

19 ஜூலை

கட்டைப் பையில் இரண்டு புடவையும் என் சட்டைகளும். "அத்தான் வூட்டுக்குப் போயிட்டு வரேங்க. அவரு பொட்டியில ஒரு இழு இழுத்துட்டு வந்துர்றேன்."

என் சட்டையை அங்கே தேய்த்து, நான் அதைப் போட்டுக்கொண்டு நடமாட வேண்டும்!

திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

20 ஜூலை

பழைய சட்டையையே போட்டுக்கொண்டேன். தேய்க்காதது.

24 ஜூலை

இன்று நானும் உடன் போனேன். பையை நான் தூக்கி வருகிறேன் என்று காரணம் சொன்னேன். கலைச்செல்வன் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்க தம்பி" என்றார். நான் "பரவாயில்லை சார்" என்றேன்.

முறைப்படி அவர் எனக்கு அண்ணன். மனைவிக்கு அத்தான் என்றால் புருஷனுக்கு அண்ணன்தானே. ஆனால் அவர் வெறும் அத்தான் இல்லை, முறை மாப்பிள்ளை. ஜாதகம் பொருந்தியிருந்தால் அவள் அந்த வீட்டுக்குப் போயிருப்பாள். பொருந்தாததால் அந்நியத்தில் என்னைப் பார்த்தார்கள். அவள் பக்கத்து விசேஷங்களில் இன்னமும் கிழவிகள் 'நம்ம கலைக்குப் போயிருக்க வேண்டியவ' என்று என் காதுபடச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவரை எந்த வாயால் அண்ணே என்பது?

அப்புறம் நடந்ததை எழுத வேண்டும்.

பெட்டியின் தொட்டியை எடுத்துப் போய் போர் குழாயில் பிடித்தார். அரியலூர் மண்ணுக்கடியில் எங்கும் சுண்ணாம்புக் கல். இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கொதிகலனுக்குள்ளும் அப்படியே படிந்து, ஒருநாள் ஆவியோடு சேறாகக் கக்கும். இதைச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவன் கிடையாது.

வாய் திறக்கவில்லை. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

25 ஜூலை

மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை. இதையாவது நேராக எழுதி வைக்கிறேன்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. பூவிழி வந்து அம்மாவுக்கு மாம்பழ நிறப் பட்டு கொடுத்தாள். குன்னத்தில் கிருஷ்ணம்மாளின் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கட்ட. ஒரே அத்தை, மணவறைக்கு முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னுமா பொட்டி வாங்கலப்பா?" என்றாள் பூவிழி.

"அப்பா இன்னும் எடை போட்டுட்டு இருக்காரு" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள்.

கட்டத்தில் ஐந்தாவது மாதிரியையும் சேர்த்திருக்கிறேன். உண்மையில் நான் தேடுவது கலைச்செல்வன் பெட்டியைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேலான ஒன்றை. அப்படி எதுவும் இல்லை. ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறைகிறது.

14 ஆகஸ்ட்

மீண்டும் மீரான் பாய். "சார், நீங்க இத வாங்குறதுக்குள்ள நான் இத படிச்சு டிப்ளமா வாங்கிருவேன்" என்றார். வெறும் கையோடு வந்தேன்.

24 ஆகஸ்ட்

நடந்துவிட்டது.

சாயங்காலம் பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். சீக்கிரமே திரும்பினாள், கலைச்செல்வனும் பின்னாலேயே வந்தார். புடவையை விரித்துக் காட்டினாள். கொசுவம் வரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டு. ஆவிக்குப் பதிலாகச் சேறு கக்கியிருக்கிறது.

"எம் புத்திய என்னன்னு சொல்றது கிட்டு. கல்யாணப் பொடவையாச்சே" என்று அவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அவர் போனபின் சொல்லிவிட்டேன்.

"அது தண்ணியால வர்றது. போர் தண்ணி ஊத்துனாரு. நான் அன்னைக்கே பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"ம்."

"பாத்துட்டுச் சும்மா வந்தீங்களா?"

புடவையை மடித்தபடி, சத்தம் போடாமல் பேசினாள்.

"அத்தான் சட்டைய நான் தொட்டுப் பாத்ததுலேர்ந்து ஒங்க மூஞ்சி சரியில்ல. தெரியாம இல்ல. பொண்டாட்டி போன மனுசன் தானே தேச்சுப் போட்டுக்கிறானேன்னு பாத்தேன். அம்புட்டுதான். நீங்க என் தோள் வலிக்குன்னு பொட்டி பாக்குறீங்க. லேசா இருக்கா, கனமா இருக்கான்னு ரெண்டு மாசமா பாக்குறீங்க. எது வாங்கினாலும் அதையும் நாந்தானே தூக்கணும்?"

கட்டம் போட்ட தாள் மேஜைமேல் இருந்தது. மீரான் பாய் முதல் நாளே கேட்டார், யார் தேய்ப்பது என்று. 'அவங்கதான்' என்றேன். அரை நொடிகூட யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவன்.

26 ஆகஸ்ட்

எலுமிச்சை உப்பு வாங்கிக்கொண்டு கலைச்செல்வன் வீட்டுக்குப் போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பி, மறுபடி போனேன். பெட்டி நன்றாக ஆறியிருந்தது. அடித்திருகைக் கழற்றி, உப்பைக் கரைத்து ஊற்றி, ஊற விட்டுக் குலுக்கிக் கொட்டினோம். முட்டை ஓட்டைப் பொடித்தது போல் வந்தது.

"அடேயப்பா, சிமெண்டே போடலாம் போலருக்கு" என்றார்.

"கேன் தண்ணி ஊத்துங்க. போர் தண்ணி வேண்டாம்." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க குழாயில புடிச்சப்பவே எனக்குத் தெரியும். சொல்லல அண்ணே" என்றேன்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கிட்டு பொடவைய நெனச்சாத்தான் மனசு கேக்கமாட்டேங்குது" என்றார். அப்புறம், "வந்ததுலேர்ந்து சார் சார்ங்கிறீங்களே, நான் என்ன தாசில்தாரான்னு நெனச்சுக்குவேன். இப்பத்தான் வாய் வந்துருக்கு. உக்காருங்க தம்பி, காபி போடுறேன்."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. என் சர்க்கரை அளவு அவருக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லியிருப்பாள். அதற்கும் சுருக்கென்றது. என்ன மனம் இது.

29 ஆகஸ்ட், குன்னம்

கல்யாணம் நன்றாக முடிந்தது. திட்டு முழுதும் போகவில்லை. உள் கொசுவத்தில் மடித்து மறைத்துக் கட்டியிருந்தாள். மணவறையில் நின்றபோது யாருக்கும் தெரியவில்லை. எந்த மடிப்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசி வரை அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 செப்டம்பர்

வாங்கிவிட்டேன். பிடி கனமானதை. மீரான் பாய் நம்பாமல் பார்த்தார். "அம்மாவுக்குக் கனமா இருக்குமே சார்?"

"நான் தேய்க்கப் போறேன்" என்றேன். கையில் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

9 செப்டம்பர்

ஆவி பட்டு இடது கட்டைவிரல் கொப்புளம். என் வேட்டி ஒன்றில் கோணலாக இரண்டு மடிப்புக் கோடு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "காலர்லேர்ந்து ஆரம்பிங்க, முதுகு கடைசி. அய்ய, அவசரப்படாதீங்க" என்கிறாள். தோளுக்கு ஒத்தடம் கொடுத்தபடியே முழுநேரமும் அதிகாரம்.

21 செப்டம்பர்

கல்லங்குறிச்சி. அவள் கட்டியிருந்த நீலப் பருத்திப் புடவை நான் தேய்த்தது. பஸ் இறங்கியதும் கலைச்செல்வன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கிட்டு, பொடவ கத்தி மாதிரி நிக்குதே, யாரு தேச்சது?" என்றார்.

அவள் என் பக்கம் தலையை அசைத்தாள். பெயர் சொல்லவில்லை. கையைக் கொண்டுவந்து என் சட்டைக் கையை ஒருமுறை நீவிவிட்டாள், அங்கே சுருக்கம் இருந்ததால்.

"எத்தன பாரு தம்பி ஒங்க பொட்டி?" என்று அண்ணன் கேட்டார்.

அவருடையதைவிட அழுத்தம் அரை பார் அதிகம். "ஏறக்குறைய ஒங்களோடதுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.